பெற்ற காவலும் பட்ட கடனும்

பிறந்த குழந்தை வெறுங்கையோடு உலகிற்கு வருகிறது என்பர். பொன்னையும் பொருளையும் மட்டுமே செல்வமாக எண்ணுவார்க்கு அக்கூற்றுப் பொருந்தும். உடலின் இயல்பை ஆராய்ந்த அறிஞர் அங்ஙனம் கூறார். தாயின் வயிற்றினின்று வெளிப்படும் குழந்தை, தன் குருதியில் ஓர் அரிய காவலைத் தாங்கியே வருகிறது. அக்காவல் அது தானே தேடிக்கொண்டதன்று, தாய் ஈந்தது. அவள் தன் வாழ்நாளில் எவ்வெந் நோய்களை எதிர்த்து வென்றாளோ, அவ்வெற்றிகளின் பயன் நஞ்சுக்கொடியின் வழியே பிள்ளையின் உடலிற் புகுந்து நிற்கிறது. தனக்கெனக் காவல் அமைத்துக்கொள்ளும் ஆற்றல் முதிராத அக்குழந்தையை, முதற்சில திங்கள் வரையில் தாயின் கொடையே காக்கிறது. குளோபுலின் என்னும் புரத இனத்தைச் சேர்ந்ததொரு பொருளே அக்கொடை. மாந்தர் யாவரும் கடனாகப் பெற்ற குளோபுலினைக் கொண்டே வாழ்வைத் தொடங்குகின்றனர். பெற்ற கடனைத் திருப்பித் தருதல் முறையன்றோ? அம்முறையை உணர்வதற்கு முதலில் குளோபுலினின் இயல்பை அறிதல் வேண்டும்.

குருதி செந்நிற நீர்போலத் தோன்றினும், அது ஒரே பொருளன்று. உறையாதிருக்கும் மருந்தைச் சிறிது கலந்து, குருதியை ஒரு கண்ணாடிக் குழாயில் அசையாது நிறுத்திவைத்தால், சிவந்த அணுக்கள் அடியில் தங்கும். வெளிறிய மஞ்சள் நிறமுள்ள நீர் மேலே தெளிந்து நிற்கும். அந்நீருக்குப் பிளாஸ்மா என்று பெயர். குருதியிற் பாதிக்குச் சற்று மிகுதியாக இருப்பது இதுவே. நலமுள்ள ஒருவரின் பிளாஸ்மா 100 மில்லிலிட்டரில் 6 முதல் 8 கிராம் வரை புரதம் கரைந்திருக்கும். அதில் பெரும்பகுதி ஆல்புமின் எனப்படுவது. அதற்கு அடுத்த நிலையில், 2 முதல் 3.5 கிராம் வரையில் உள்ளவை குளோபுலின்கள். அளவிற் சிறியனவாயினும் ஆற்றும் தொழிலில் அவை மிகப் பெரியன.

குளோபுலின் என்பது தனியொரு பொருளின் பெயரன்று. ஒரு குடியின் பெயர். சுவீடன் நாட்டு வேதியியல் அறிஞர் ஆர்னே திசேலியஸ், 1937ஆம் ஆண்டில், பிளாஸ்மாப் புரதங்களை மின்னாற்றலின் துணையால் நகரச் செய்து, அவை நகரும் விரைவைக் கொண்டு வகைப்படுத்தினார். ஓட்டப் பந்தயத்தில் விரைந்தோடுவோர் முன்னும், மெல்ல ஓடுவோர் பின்னுமாகப் பிரிந்து நிற்பது போல, அப்புரதங்களும் பிரிந்து நின்றன. ஆல்புமின் முந்தியது. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக வந்த மூன்று கூட்டங்களுக்கு ஆல்பா, பீட்டா, காமா எனக் கிரேக்க எழுத்துகளின் பெயரை அவர் இட்டார். 1948ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பெற்றது.

ஆல்பா, பீட்டா குளோபுலின்களுட் பெரும்பாலானவை கல்லீரலில் உருவாகின்றன. அவற்றுட் பல சுமை தூக்குவோரை ஒத்தவை. இரும்புச் சத்தினை உடலெங்கும் தனியே திரியவிட்டால் அது தீங்கு விளைக்கும். ஆதலின், டிரான்சுபெரின் என்னும் பீட்டா குளோபுலின் அதனைப் பற்றிக்கொண்டு, குருதியணுக்கள் பிறக்கும் எலும்பு மச்சைக்குக் கொண்டு சேர்க்கிறது. முதிர்ந்த செவ்வணுக்கள் சிதையும்போது வெளிப்படும் ஹீமோகுளோபின், சிறுநீர் வழியே வீணாகாவண்ணம், ஹேப்டோகுளோபின் என்பது அதனைத் தழுவிக் காக்கிறது. தைராய்டுச் சுரப்பியில் ஊறும் பொருளைச் சுமந்து செல்லும் குளோபுலினும் உண்டு. உடலுக்குள் நுழையும் கிருமிகளை அழிக்க வெள்ளணுக்கள் வெளியிடும் கூரிய பொருள், நுரையீரலையே அரித்துவிடாதபடி தடுத்து நிற்பதும் ஓர் ஆல்பா குளோபுலினே. ஏவலர் பலர் ஓசையின்றித் தத்தம் பணியைச் செய்தால்தான் பெருவீடு ஒழுங்குற நடைபெறும். இவையும் அத்தகைய ஏவலரே.

காமா குளோபுலினின் தொழில் இவற்றினின்று வேறானது. அது காவல் தொழில். வெள்ளணுக்களுள் ஒரு வகையினின்று தோன்றும் உயிரணுக்களே அதனை ஆக்குகின்றன. நோய்க்கிருமியோ அதன் நஞ்சோ உடலிற் புகுந்தவுடன், அதற்கெனவே தனி வடிவுடைய குளோபுலின்கள் தோன்றுகின்றன. ஒரு பூட்டுக்கு ஒரு திறவுகோல் பொருந்துவது போல, ஒரு பகைக்கு ஒரு குளோபுலின் பொருந்துகிறது. தட்டம்மைக்கெனப் பிறந்தது தொண்டை அடைப்பானுக்கு உதவாது. எதிர்ப்பொருள் என வழங்கும் இவற்றின் அமைப்பை எடல்மன், போர்ட்டர் என்னும் அறிஞர் இருவர் ஆராய்ந்து கண்டனர். 1972ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர். இரண்டு நீண்ட சங்கிலிகளும் இரண்டு குறுகிய சங்கிலிகளும் பிணைந்து, கவண்கோலைப் போல இரு கிளையாகப் பிரிந்து நிற்பது இதன் உருவம். கிளைகளின் நுனி பகையைப் பற்றும்; அடித்தண்டு உடலின் பிற படைகளை அழைக்கும்.

இக்காவல் இல்லையாயின் என்ன நேரும்? அமெரிக்க மருத்துவர் ஆக்டன் புருட்டன் 1952ஆம் ஆண்டில் வெளியிட்ட செய்தி இதற்கு விடை தரும். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஒரே வகைக் கிருமியால் மீண்டும் மீண்டும் கடும் நோயுற்றான். ஒருமுறை நோயுற்றுத் தேறியவனுக்கு அக்கிருமியை எதிர்க்கும் ஆற்றல் வரவேண்டுமன்றோ? அவனுக்கு அது வரவேயில்லை. அவனுடைய குருதியைத் திசேலியஸ் காட்டிய முறையில் ஆராய்ந்தபோது, காமா குளோபுலின் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பிறருடைய குருதியினின்று பிரித்தெடுத்த குளோபுலினைத் திங்கள்தோறும் ஊசி வழியே செலுத்தினார் மருத்துவர். நோய் அவனை விட்டு விலகியது. பிறர் ஈட்டிய காவல் அவனுக்குத் துணையாயிற்று.

ஓர் உடல் ஈட்டிய காவலை மற்றோர் உடலுக்கு மாற்றலாம் என்னும் உண்மை, இதற்கும் முன்னரே நிலைநாட்டப்பட்டது. 1890ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் எமில் பேரிங் என்னும் செருமானியரும், கிட்டசாட்டோ ஷிபாசாபுரோ என்னும் சப்பானியரும் ஒருங்கே ஆராய்ந்தனர். இசிவு நோயின் நஞ்சை எதிர்க்கப் பழகிய விலங்கின் குருதிநீரை வேறொரு விலங்குக்குச் செலுத்தினால், அதுவும் அந்நஞ்சுக்குத் தப்பும் என்று அவர்கள் காட்டினர். அந்நாளில் தொண்டை அடைப்பானால் மூச்சுத் திணறி மாண்ட குழந்தைகள் எண்ணற்றவர். அந்நோய்க்குக் குதிரையின் குருதிநீரே மருந்தாயிற்று. மருத்துவத்திற்கென 1901ஆம் ஆண்டில் வழங்கப்பெற்ற முதல் நோபெல் பரிசு பேரிங்கையே சென்றடைந்தது.

பாம்புக் கடிக்கு இன்று தரப்படும் நச்சுமுறி மருந்தும் இவ்வழியில் வந்ததே. பாம்பின் நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தினால், அதன் குருதியில் அந்நஞ்சை எதிர்க்கும் குளோபுலின்கள் பெருகும். அவற்றைப் பிரித்துத் தூய்மை செய்தால் மருந்து கிடைக்கும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சினையும் எதிர்க்கும் மருந்து இந்தியாவில் ஆக்கப்படுகிறது. அதற்கு வேண்டும் நஞ்சினைத் திரட்டித் தருவதில், மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பெரும்பங்கு கொண்டுள்ளது. பாம்பைக் கொன்று தோலை விற்று வாழ்ந்த குடியினர், அதனைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்துவிட்டு மீண்டும் காட்டில் விடும் தொழிலை மேற்கொண்டனர். எங்கோ ஒரு சிற்றூரில் கடியுண்ட உழவரின் உயிரைக் காக்க, இருளரின் கைத்திறனும் குதிரையின் குருதியும் ஒன்று கூடுகின்றன.

இவ்வாறு பிறரிடமிருந்து பெறும் காவலுக்கும், உடல் தானே ஆக்கிக்கொள்ளும் காவலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பிறர் தந்தது உடனே பயன்படும்; ஆனால் நெடுநாள் நில்லாது. உடலிற் செலுத்திய மனிதக் குளோபுலின் மூன்று கிழமைகளில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும். தடுப்பூசியோ உடலுக்குக் காவற்கலையைக் கற்பிக்கிறது. கற்றுத் தேறச் சில நாள் செல்லும். கற்றபின் அக்கல்வி பன்னாள் நிற்கும். வெறிநாய் கடித்த ஆழ்ந்த புண்ணுக்கு மருத்துவர் இரண்டையும் ஒருங்கே தருவது இதனாலேயே ஆகும். தடுப்பூசியின் பயன் வந்து சேரும் வரையில் உடலைக் காத்து நிற்பதற்காகக் குளோபுலினைப் புண்ணைச் சுற்றிச் செலுத்துகின்றனர். கடித்த இடத்தை உடனே சவர்க்காரமும் நீரும் இட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, காலம் தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்லுதல் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய நெறி.

காக்க வந்த குளோபுலினே பகையாக மாறும் இடமும் ஒன்றுண்டு. கார்ல் லாண்ட்ஸ்டைனர், அலெக்சாண்டர் வீனர் என்னும் அறிஞர் இருவர் 1940ஆம் ஆண்டில் ரீசஸ் காரணி என்பதை உலகிற்கு அறிவித்தனர். செவ்வணுக்களின் மேல் இக்காரணி உடையோர் பாசிட்டிவ் வகையினர். இல்லாதோர் நெகட்டிவ் வகையினர். இந்தியாவில் நூற்றுக்கு ஐவர் அளவினர் நெகட்டிவ் வகையைச் சேர்ந்தவர். நெகட்டிவ் வகையைச் சேர்ந்த தாயின் வயிற்றில் பாசிட்டிவ் வகைக் குழந்தை வளர்தலும் உண்டு. பேறுகாலத்தில் குழந்தையின் குருதி சிறிது தாயின் உடலிற் கலந்தால், தாயின் உடல் அதனை அயலாகக் கருதி, அதற்கெதிரான குளோபுலின்களை ஆக்கத் தொடங்கும். முதற்பிள்ளை பெரும்பாலும் இதனால் துன்புறுவதில்லை. அடுத்த பிள்ளை பாசிட்டிவ் வகையினதாக உருவாகும்போதோ, அக்குளோபுலின்கள் நஞ்சுக்கொடியைக் கடந்து சென்று அதன் செவ்வணுக்களை அழிக்கின்றன. தாய்க்கொடை செல்லும் அதே வழியில் தாயறியாத கேடும் செல்கிறது. குருதி குன்றியும், கடும் மஞ்சட்காமாலை உற்று மூளை கெட்டும், பிறக்குமுன்னரே உயிர் நீத்தும் போன குழந்தைகள் பலர்.

இக்கேட்டிற்கு அறிஞர் கண்ட மருந்து வியப்பிற்குரியது. குளோபுலினால் விளைந்த கேட்டினைக் குளோபுலினைக் கொண்டே அவர்கள் தடுத்தனர். தாயின் உடலில் புகுந்த குழந்தையின் அணுக்களை, அவ்வுடல் அடையாளம் கண்டுகொள்ளுமுன் அகற்றிவிட்டால், அது பகைகொள்ளக் காரணம் இராது. அதற்கு வேண்டுவது, ரீசஸ் காரணியை எதிர்க்கும் குளோபுலினை முன்பே தம் குருதியில் பெற்றிருக்கும் வேறொருவரின் கொடை. ஆன்டி-டி எனப்படும் அம்மருந்து 1960களின் இறுதியில் பல நாடுகளில் வழக்கிற்கு வந்தது. குழந்தை பிறந்த 72 மணி நேரத்திற்குள் தாய்க்கு அதனைச் செலுத்துவர்; கருவுற்ற காலத்தில் 28ஆம் கிழமையை ஒட்டியும் செலுத்துவதுண்டு. வேற்றாரின் குருதியிலுள்ள ஒரு துளி, இனிப் பிறக்கவிருக்கும் குழந்தையைக் காக்கிறது.

இக்கொடைக்கு எடுத்துக்காட்டாகத் திகழ்ந்தவர் ஆஸ்திரேலிய நாட்டின் ஜேம்ஸ் ஹாரிசன். 1936ஆம் ஆண்டில் பிறந்த அவர், பதினான்காம் வயதில் மார்பில் பெரியதோர் அறுவை மருத்துவத்திற்கு உள்ளானார். பெயரும் முகமும் அறியாத பலர் தந்த குருதியே அவரைப் பிழைக்க வைத்தது. வயது வந்ததும் தாமும் குருதி தருவதென்று அவர் உறுதி பூண்டார். 1954ஆம் ஆண்டில் அதனை நிறைவேற்றத் தொடங்கினார். அவருடைய குருதியில் ரீசஸ் காரணியை எதிர்க்கும் குளோபுலின் மிகுந்திருப்பதை மருத்துவர் பின்னர்க் கண்டனர். 1967ஆம் ஆண்டு முதல் அவருடைய பிளாஸ்மா, ஆன்டி-டி மருந்தாகத் தாய்மாரைச் சென்றடைந்தது. சட்டம் வகுத்த வயது வரம்பாகிய 81ஐ 2018ஆம் ஆண்டில் எட்டும்வரை, அவர் 1,173 முறை கொடுத்தார். 24 இலட்சம் குழந்தைகளின் நலத்திற்கு அக்கொடை துணைநின்றதாக அந்நாட்டுக் குருதிக்கொடை நிறுவனம் மதிப்பிட்டது. அவர்தம் மகளுக்கும் அம்மருந்து தேவைப்பட்டது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர் மறைந்தார். ஊசியைக் கண்டால் அஞ்சுபவர் அவர் என்பதே இங்குக் கருதத்தக்கது. ஒருமுறையேனும் தம் கையில் ஊசி இறங்குவதை அவர் பார்த்ததில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்வார். அச்சம் அவரை விட்டு நீங்கவில்லை. அச்சத்தினும் கடமை பெரிதாக நின்றது.

ஹாரிசனின் குருதி அரியது. எல்லார்க்கும் அது வாய்ப்பதில்லை. ஆதலின் பிறர் தருவதால் என்ன பயன் என்று சிலர் வினவலாம். அவ்வினா பொருந்தாது. நோயெதிர்ப்பாற்றல் இன்றிப் பிறந்தோர்க்குத் தரப்படும் குளோபுலின் மருந்து, ஒருவரது குருதியினின்று எடுக்கப்படுவதன்று. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தந்த பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து அதனைப் பிரித்தெடுக்கின்றனர். ஒருவர் தட்டம்மையை வென்றவர். மற்றொருவர் இசிவு நோய்க்குத் தடுப்பூசி கொண்டவர். வேறொருவர் வேறொரு கிருமியை எதிர்த்தவர். இத்துணை பேரின் வெற்றியும் ஒன்று கூடினால்தான் அம்மருந்து முழுமை பெறும். எளியவர், பெரியவர் என்னும் வேற்றுமை அங்கு இல்லை. நலமுள்ள எந்தக் குருதியும் வீணாவதில்லை.

ஆலையில் செய்துகொள்ளலாமே, மனிதரை ஏன் வருத்த வேண்டும் என்பார் உளர். ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் உயிரணுக்களைக் கொண்டு, குறித்த ஒரு பகையை மட்டும் எதிர்க்கும் குளோபுலின்களை ஆக்கும் கலை இன்று வளர்ந்துள்ளது. அது போற்றுதற்குரியதே. ஆயினும், பல்லாயிரம் பகைகளை எதிர்க்கும் கலவைக் குளோபுலினை இன்றளவும் மனிதக் குருதியினின்றே பெற வேண்டியுள்ளது. அறிவியல் எத்துணை உயர்ந்தாலும், அது மனிதரின் நெஞ்சில் ஈகை ஊறும் இடத்தை அடைத்துவிடலாகாது.

பொருள் கொடுத்து வாங்கினால் தட்டுப்பாடு நீங்கும் என்பதும் சிலர் கொள்கை. வறுமையால் குருதியை விற்க வருவோர், தம் நோயை மறைக்க நேரும். அந்நோய் பெறுவோரையும் தொடரும். தருவோர் நலமும் கெடும். பெறுவோர் நலமும் கெடும். இதனையெல்லாம் கருதியே, உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, 1998ஆம் ஆண்டு சனவரி முதல் இந்தியாவில் விலைக்குக் குருதி பெறுதல் விலக்கப்பட்டது. விற்கும் பொருளாக இருந்தது, ஈயும் பொருளாக உயர்ந்தது. ஆனால் சட்டம் விற்பனையைத் தடுக்கும். ஈகையை வளர்க்க அதனால் இயலாது. அது மக்களின் பொறுப்பு.

குருதி தந்தால் உடல் மெலியும் என்னும் அச்சமே பலரைப் பின்வாங்கச் செய்கிறது. இந்தியாவில் 18 வயது நிறைந்து, 65ஐக் கடவாத, 45 கிலோகிராமுக்குக் குறையாத எடையுள்ள நலமுடையோர் குருதி தரலாம். ஒருமுறை எடுப்பது 350 மில்லிலிட்டர் அல்லது 450 மில்லிலிட்டரே. ஆடவர் மூன்று திங்களுக்கு ஒருமுறையும், பெண்டிர் நான்கு திங்களுக்கு ஒருமுறையும் தரலாம். குறைந்த நீர்ப்பகுதியை உடல் ஓரிரு நாளில் நிரப்பிக்கொள்கிறது. செவ்வணுக்கள் சில கிழமைகளில் நிரம்புகின்றன. புறாவின் பொருட்டுத் தன் தசையை அரிந்து துலையில் இட்ட சிபி மன்னனின் கதையை அறியாதார் யார்? அவன் தந்தது மீளாத கொடை. இக்காலத்தார்க்கு வாய்த்ததோ, இறைத்த கிணறு மீண்டும் ஊறுவது போன்ற கொடை. தந்தபின் தருவோர்க்குக் குறைவில்லை. பெற்றபின் பெறுவோர்க்கு உயிர் உண்டு. இத்துணை எளிய அறத்தையும் செய்யத் தயங்குவது அறிவுடைமையாகுமா?

மாணவர்க்கு இன்னும் அவ்வயது வரவில்லை. எனினும் அவர்கள் செய்யத்தக்கன பல உள. தத்தம் குருதியின் வகையினையும் ரீசஸ் காரணியினையும் அறிந்து வைத்தல் ஒன்று. கருவுற்ற பெண்டிர் தம் ரீசஸ் வகையை முதலிலேயே ஆய்ந்தறிய வேண்டும் என்பதை வீட்டிலுள்ளோர்க்கு எடுத்துரைத்தல் ஒன்று. உரிய காலத்தில் தடுப்பூசி கொண்டு தம் உடலுக்குக் காவற்கலையைக் கற்பித்தல் மற்றொன்று. எல்லாவற்றினும் மேலாக, பதினெட்டாம் வயது நிறையும் நாளில் ஆற்ற வேண்டிய கடமையை இன்றே நெஞ்சிற் பதித்துக்கொள்ளுதல் வேண்டும்.

அன்னையின் குருதியினின்று வந்த முதற்காவல், குழந்தை தவழப் பழகுமுன்னரே பெரிதும் தேய்ந்துவிடுகிறது. ஆனால் அது காத்த உயிர் வளர்ந்து, தனக்கெனக் காவலை ஆக்கிக்கொள்கிறது. அவ்வுயிர் இன்னும் காவல் பெறாத பிற உயிர்களுக்குத் தன் பங்கினைத் தரும்போதுதான் பட்ட கடன் தீர்கிறது. அன்னைக்கு அக்கடனைத் திருப்பித் தருதல் யார்க்கும் இயலாது. அடுத்தவர்க்குத் தருதல் யாவர்க்கும் எளிது.